சேர வேண்டியது பிரிஞ்சு கிடக்கு, பிரிய வேண்டியது சேர்ந்து கிடக்கு

எங்க ஊர்ல யாரும் 'கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை' என்று முழுசா சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடை என்பார்கள், ரொம்பப் போனால் சப்ளை ஆபீஸ். 'ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை' என்றால் பத்தில் ஒன்பது பேருக்குப் புரியாது, பிடிஓ ஆபீஸ் என்றால் குழந்தைகூட வழி காட்டும். மின்சார வாரியம் 1957-இல் பிறந்தது. 2010-இல் பிரித்தார்கள். 2024-இல் மறுபடி பிரித்து, உற்பத்திக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று, பசுமை ஆற்றலுக்கு ஒன்று என்று மூணு கழகம் ஆக்கிவிட்டார்கள். வயல்ல மோட்டாருக்கு கரண்ட் வரலைன்னா நாங்க இன்னமும் 'ஈபிக்காரரு'க்குத்தான் போன் போடுறோம்.

இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. துறையைப் பிரிப்பதும் சேர்ப்பதும் பேர் மாற்றுவதும் அரசாங்கத்தில் எப்போதும் நடக்கிற வேலை. அதில் சிலது எங்களுக்கு நல்லது செய்திருக்கு. நிறைய, போர்டு மாத்தினதோட சரி. வீடும் ரேஷனும் சம்பந்தப்பட்ட துறைகளை எப்படி மாத்தி அடுக்கணும் என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு. கலப்பை பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். அந்தத் துறைகளோட வாசல்ல நிக்கிறது நாங்கதானே.

முதலில் நல்லது நடந்த கதை. மயிலாடுதுறை தனி மாவட்டமா ஆகறதுக்கு முன்னாடி எங்க பக்கத்து ஆட்களுக்கு கலெக்டர் ஆபீஸ் நாகப்பட்டினத்தில். மாவட்டமே ரெண்டு துண்டா கிடந்தது, நடுவில் காரைக்கால், அது புதுச்சேரியைச் சேர்ந்தது. மனு கொடுக்கப் போற கிழவி ஒரு யூனியன் பிரதேசத்துக்குள்ள புகுந்து வெளிய வந்துதான் தன்னோட கலெக்டரைப் பார்க்கணும். போக ஒரு பொழுது, வர ஒரு பொழுது, அன்னைக்குக் கூலி போச்சு. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை மாவட்டம் செயல்பட ஆரம்பிச்சதும் அந்த அலைச்சல் நின்றது. இதுதான் சீரமைப்பு. கட்டடம் புதுசா, அதிகாரிக்குக் கார் புதுசா என்பதெல்லாம் வேற விஷயம். நிக்கிறவன் நடக்கிற தூரம் குறைஞ்சுதா இல்லையா, எனக்கு அளவுகோல் அவ்வளவுதான்.

இப்ப வீட்டுக்கு வருவோம்.

'வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை' என்று ஒன்று கோட்டையில் இருக்கிறது. பெயரிலேயே வீட்டுவசதி. 1961-இல் வந்த வீட்டுவசதி வாரியம் அதற்குக் கீழே. 1970-இல் தொடங்கிய குடிசைப் பகுதி மாற்று வாரியமும் அதற்குக் கீழேதான். 2021-இல் அந்த வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. குடிசை என்ற சொல்லை எடுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, குடியிருக்கிறவங்களுக்கு அது கௌரவம். ஆனால் பாருங்கள், கிராமத்துக் குடிசைக்கும் இந்தத் துறைக்கும் ஏறக்குறைய ஒரு சம்பந்தமும் கிடையாது. கிராமத்தில் வீடு கட்டிக் கொடுப்பது ஊரக வளர்ச்சித் துறை. 2010-இல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-இல் வந்த பசுமை வீடு, 2016-இல் வந்த பிரதமர் வீடு, 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம், எல்லாமே பிடிஓ ஆபீஸ் வழியாகத்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் என்று ஒன்று உண்டு. பெயரில் கூட்டுறவு இருக்கிறதே, அது கூட்டுறவுத் துறையில் இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, அது வீட்டுவசதித் துறையில் இருக்கிறது. சரி, எங்கயோ இருக்கட்டும்.

1971-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருஷத்தில் ரெண்டு சட்டம் வந்தது. ஒன்று நகரத்துக் குடிசைப் பகுதிகளுக்கானது. இன்னொன்று, கிராமத்தில் விவசாயக் கூலிகள் குடியிருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்குகிற குடியிருப்புச் சட்டம். எங்க டெல்டாவில் இந்த ரெண்டாவது சட்டத்தோட அருமை தெரியும். 'நாளைக்கே குடிசையைப் பிரிச்சுட்டுப் போ' என்று மிராசுதார் சொன்னால் பிரித்துக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயத்தைப் போக்கின சட்டம் அது. ஆனால் நகரத்துச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு வாரியம் இருந்தது, அதற்கு இன்ஜினியர், பட்ஜெட், நிலம் எல்லாம் இருந்தது. கிராமத்துச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு காகிதம் இருந்தது. காகிதம் கிடைத்தவன் பிழைத்தான். கிடைக்காதவனுக்கு ஐம்பது வருஷம் ஆகியும் எந்த வாசலில் போய் நிற்பது என்றே தெரியவில்லை.

அப்படி ஒரு அக்காவை எனக்குத் தெரியும். எங்க வயலுக்கு நடவுக்கு வர்றவங்க. அவங்க மாமியார் காலத்திலிருந்து குடிசை இருக்கிற மனை கோயிலுக்குச் சொந்தம். டெல்டாவில் இது சர்வ சாதாரணம், கோயில் மனை, மடத்து மனை இல்லாத ஊரே குறைவு. கனவு இல்லம் என்றால் மூணரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மிச்சம் 60 அடிக்கு தீப்பிடிக்காத ஏதாவது கூரை. அக்காவுக்கு எல்லாத் தகுதியும் இருக்கு. குடிசை இருக்கு, அது ஒழுகுது, வேற வீடு இல்லை. மனை மட்டும் அவங்க பேர்ல இல்லை.

இனி அவங்க நடக்கிற நடையைக் கேளுங்க. வீடு கேட்டுப் போனால் பட்டா கொண்டு வா என்பார்கள், அது ஒரு துறை. பட்டா கேட்டுப் போனால் நிலம் கோயிலுடையது, நாங்க கொடுக்க முடியாது என்பார்கள், அது வருவாய்த் துறை. கோயில்ல கேட்டால் வாடகை பாக்கி இருக்கா என்று பார்ப்பார்கள், மனையை எழுதிக் கொடுக்கிற அதிகாரம் அவங்களுக்கு இல்லை. 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டப்படி ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை யாருக்கும் மாற்ற முடியாது. சரி, வேற இடத்தில் மூணு சென்ட் மனை வாங்கிக் கொடுக்க முடியுமா என்றால், மனைக்கு நிலம் எடுக்கிற வேலை ஆதிதிராவிடர் நலத்துறையில் இருக்கிறது. அதற்கென்று 1978-ஆம் வருஷத்துச் சட்டமே தனியா உண்டு. அவங்க தாசில்தார் அறிக்கை வேணும் என்பார்கள். அறிக்கைக்கு ஆர்.ஐ. வந்து பார்க்கணும், வி.ஏ.ஓ. எழுதணும். திரும்பவும் வருவாய்த் துறை. பம்பரம் மாதிரி சுத்தி ஆரம்பிச்ச இடத்திலேயே வந்து நிக்கிறாங்க அக்கா.

இதில் எந்த அதிகாரியும் கெட்டவர் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சலான விஷயம். யாரும் காசு கேட்கவில்லை, யாரும் விரட்டவில்லை. ஒருத்தர் உட்கார வைத்து தண்ணிகூடக் கொடுத்தார். ஒவ்வொருத்தரும் தன்னோட சட்டப்படி சரியாத்தான் பேசுறாங்க. நாலு சரியும் சேர்ந்து ஒரு தப்பு ஆகுது. அந்தத் தப்புக்குப் பொறுப்பு என்று ஒரு நாற்காலியும் இல்லை. யார் மேல புகார் எழுதறது?

கோயில் நிலத்தை எல்லாருக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோயில் நிலம் கோயிலுக்குத்தான். ஆனால் குடிசை இருக்கிற ஆளுக்கு வேற மனை பார்ப்பது, பார்த்த மனையில் வீடு ஒதுக்குவது, வீட்டுக்கு மின் இணைப்பு, குடிநீர், இது நாலும் ஒரே ஆளோட மேசையில் முடியணும். அந்த ஆள் மற்ற துறைகளிடம் காகிதம் கேட்டு ஓடட்டும், அக்கா ஓட வேண்டாம். நகரத்துக்கு வாரியம் இருக்கிற மாதிரி கிராமத்துக்கும் ஒன்றிய அளவில் வீட்டுவசதிக்கு என்றே ஒரு பொறுப்பாளர் இருக்கணும். இப்ப பிடிஓ ஆபீஸ் தலையில் சாலை, தண்ணி, தெருவிளக்கு, நூறு நாள் வேலை, தேர்தல் என்று எல்லாம் இருக்கு. வீடு அதில் ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

நகரத்து வாரியம் மட்டும் ரொம்ப ஒழுங்கா என்று சென்னை நண்பர்கள் கேட்பீர்கள். நியாயம்தான். கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் உங்களுக்குத் தெரியாததா. வீடு ஒரு வாரியம் கட்டியது. பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, எல்லாம் வேற வேற துறை. சாவியைக் கொடுத்து ஆளை இருபது கிலோமீட்டர் தள்ளிக் குடிவைத்தபோது மற்ற துறைகள் கூட வரவில்லை. வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் அந்த வேலையை விட்டார்கள். அதனால்தான் சொல்றேன், வாரியம் இருந்தால் போதாது, வாரியத்தோட கை எதுவரைக்கும் நீளும் என்று பார்க்கணும்.

இன்னொரு விதமான சீரமைப்பும் இப்போ வந்திருக்கு. 2025 தொடக்கத்தில் நிறைய ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சியோடு சேர்க்கப் போவதாக அறிவிப்பு வந்தபோது ஊர் ஊராகப் போராட்டம் நடந்ததே, நினைவிருக்கா? 'ஊரு டவுனா ஆனா நல்லதுதானே, ஏன் எதிர்க்கிறாங்க' என்று எனக்குத் தெரிந்த ஒரு கோயம்புத்தூர்க்காரரே கேட்டார். குடிசை அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால் மறுநாள் காலையில் அது ஊரக வளர்ச்சித் துறையின் குடிசை இல்லை, நகராட்சி நிர்வாகத் துறையின் குடிசை. நூறு நாள் வேலை கிடையாது. கிராமத்துக்கான வீட்டுத் திட்டம் கிடையாது. வரி மட்டும் ஏறும். வயலும் மாடும் அப்படியே இருக்கும்போது ஒரு கையெழுத்தில் எங்களை நகரவாசி ஆக்கினால் யார் சந்தோஷப்படுவார்கள்?

வீட்டு விஷயத்தில் நான் கேட்பது சேர்ப்பு. ரேஷன் விஷயத்தில் நான் கேட்பது கொஞ்சம் சேர்ப்பு, ரொம்ப முக்கியமா ஒரு பிரிப்பு.

எங்க நெல்லோட கதையைச் சொன்னால் விளங்கும். வயல்ல அறுத்த நெல்லை கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போறோம். 40 கிலோ சிப்பமாகப் பிடித்து எடை போட்டு வாங்கிக்கொள்வது நுகர்பொருள் வாணிபக் கழகம். 1972-இல் ஆரம்பித்தது. 2002-லிருந்து மத்திய தொகுப்புக்கான நெல்லையும் மாநிலமே வாங்குகிறது. அந்த நெல் அரிசி ஆலைக்குப் போய், கழகத்தோட கிடங்குக்கு வந்து, அங்கிருந்து ரேஷன் கடைக்கு வருது. நெல்லை வித்த அதே நான், கார்டை நீட்டி அரிசி வாங்குறேன். தராசோட ரெண்டு முனையிலயும் நான் நிக்கிறேன். விற்கும்போது எடை கூடுதலாப் பிடிச்சாலும் எனக்கு நஷ்டம், வாங்கும்போது குறைவா அளந்தாலும் எனக்கு நஷ்டம்.

இந்த ரேஷன் கடை யாருடையது? கார்டு கொடுப்பது வட்ட வழங்கல் அலுவலர், உணவுப்பொருள் வழங்கல் துறை. கடை நடத்துவது பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம். சரக்கு அனுப்புவது வாணிபக் கழகம். தராசுக்கு முத்திரை போடுவது தொழிலாளர் துறை. அரிசியில் வண்டு இருந்தால் கேட்க உணவுப் பாதுகாப்புத் துறை, அது சுகாதாரத்தைச் சேர்ந்தது. கடையில் நிற்கிற விற்பனையாளர் கூட்டுறவு ஊழியர்.

அவர் பாட்டைக் கொஞ்சம் பேசணும், ஏனென்றால் ஊரே அவரைத்தான் திட்டும். கிடங்கிலிருந்து வருகிற மூட்டை சரியான எடையில் வருவதில்லை, எடை போட்டுத் தாருங்கள் என்பது ரேஷன் கடை ஊழியர் சங்கங்கள் வருஷக்கணக்காக வைக்கிற கோரிக்கை. பொது விநியோகத்துக்குத் தனித்துறை வேணும் என்பதும் அவங்களோட பழைய கோரிக்கை, அதற்காக வேலைநிறுத்தமும் செய்திருக்கிறார்கள். மூட்டைக்கு ரெண்டு கிலோ குறைவாக வந்தால் என்று வைத்துக்கொள்வோம், கணக்கில் இருப்பு குறையும், அபராதம் விற்பனையாளர் தலையில். அவர் என்ன செய்வார்? கார்டுக்கு அரைக்கால் கிலோ பிடிப்பார். இது திருட்டுத்தான், நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மடை மேலே உடைந்திருக்கும்போது கடைமடைக்காரனைப் பிடித்து தண்ணி எங்கடா என்று கேட்பது எங்க ஊர்ல செல்லாது. கடைத் தராசையும் பில் போடுகிற கருவியையும் இணைத்து வைப்பது நல்ல வேலை. அதே கண்டிப்பு கிடங்கு வாசலிலும் இருக்கணும். கிடங்கும் கடையும் ஒரே பொறுப்பில் இருந்தால் இது தானாக நடக்கும். இப்போது கிடங்கு ஒரு நிறுவனம், கடை இன்னொரு நிறுவனம், குறைந்த ரெண்டு கிலோ ரெண்டுக்கும் நடுவில் எங்கேயோ காணாமல் போகிறது. ஆகவே ஊழியர்கள் கேட்கிற தனித்துறை எனக்கும் சரி என்றே படுகிறது.

பிரிப்பு எங்கே வேணும் என்றால், துறையோட பேரைத் திரும்பப் படிங்க. கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு. கடை நடத்துகிறவர், சரக்கு கொடுக்கிறவர், அவங்க ரெண்டு பேர்கிட்டயிருந்து எங்களைப் பாதுகாக்கிறவர், மூணு பேரும் ஒரே வீட்டுக்காரங்க. ஒரே செயலர். ஊர்ச் சாவடிப் பஞ்சாயத்தில்கூட வாய்க்கால் தகராறுக்கு அந்த வாய்க்கால்ல தண்ணி பாயிற ஆளை நடுவரா வைக்க மாட்டோம். தனியார் கடைக்காரர் மேல் புகார் என்றால் இந்தத் துறை நமக்காக நிற்கும், சந்தேகமில்லை. ரேஷன் கடை மேல் புகார் என்றால் தன் கை தன்னையே அடிக்கணும்.

தராசு முத்திரை தொழிலாளர் துறையில் இருப்பதைப் பார்த்து 'சம்பந்தமில்லாத இடத்தில் இருக்கே, இதையும் உணவுத் துறையில் சேர்த்துடலாம்' என்று சிலர் சொல்வதுண்டு. வேண்டாம். அது தள்ளி இருப்பதே நல்லது. அளக்கிறவன் வேற, அளவைச் சோதிக்கிறவன் வேற என்பது இந்த ஒரு இடத்திலாவது தப்பித் தவறி அமைந்திருக்கு. என்னைக் கேட்டால், தராசு முத்திரையையும் நுகர்வோர் பாதுகாப்பையும் ஒன்றாக எடுத்து, கடையும் கிடங்கும் நடத்தாத ஒரு தனித்துறை ஆக்கணும். கொள்முதல் நிலையத் தராசையும் அவங்களே முன்னறிவிப்பு இல்லாமல் வந்து சோதிக்கணும். விவசாயி விற்கிறவன், நுகர்வோர் இல்லை என்று கைவிரிக்கக் கூடாது.

நுகர்வோர் என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கு. 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி விலை கொடுத்து வாங்குகிறவர்தான் நுகர்வோர். இங்கே 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம். அப்படியானால் 25 ரூபாய்க்குப் பாமாயில் வாங்கும்போது நான் நுகர்வோர், 30 ரூபாய்க்குப் பருப்பு வாங்கும்போது நுகர்வோர், அரிசிக்கு மட்டும் யார்? வக்கீல்கள் இதற்கு எதிர்வாதம் வைத்திருப்பார்கள், எனக்கு அவ்வளவு சட்டம் வேண்டாம். இலவசமாக வாங்குகிறவனுக்கும் எடை கேட்க உரிமை உண்டு என்று எழுதி வைத்தால் போதும். மற்றபடி அந்தச் சட்டம் நல்ல சட்டம். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, நம்ம மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். விதை முளைக்கலை, உரம் போலி என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பது எங்க ஆட்களில் பலருக்கு இன்னும் தெரியாது.

முகாம்கள் வந்துச்சே, 'மக்களுடன் முதல்வர்', 'உங்களுடன் ஸ்டாலின்' என்று எல்லாத் துறையும் ஒரே பந்தலில் உட்கார்ந்துச்சே, அது போதாதா என்று கேட்கலாம். அந்தப் பந்தலை நான் குறை சொல்ல மாட்டேன். நாலு துறை மேசையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் பேர் திருத்தம், பட்டா மாறுதல் மாதிரி வேலைகள் பலருக்கு நடந்தது. அக்காவும் மனு கொடுத்தாங்க. கம்ப்யூட்டர் ரசீது கொடுத்தார்கள். சாயந்திரம் பந்தலைப் பிரித்தார்கள், மேசைகள் அவங்கவங்க ஊருக்குப் போச்சு, மனுவும் போச்சு. கொஞ்ச நாள் கழித்து பதில் வந்தது, கோயில் நிலம் என்பதால் பட்டா வழங்க இயலாது என்று.

அந்தப் பந்தல் வாரத்துக்கு ஒரு நாள் ஒன்றிய அலுவலகத்திலேயே இருந்தால் என்ன? புது வாரியம், புது போர்டு எதுவும் வேண்டாம். தாசில்தார் ஆபீஸிலிருந்து ஒருத்தர், அறநிலையத்துறையிலிருந்து ஒருத்தர், ஆதிதிராவிடர் நலத்துறை, ஈபி, வழங்கல் அலுவலர், எல்லாரும் ஒரு கிழமை ஒரே அறையில் உட்காரணும். ஒரு குடிசைக்கு ஒரே கோப்பு, ஒரே எண். முடியாது என்று ஒருத்தர் எழுதினால், வேற எது முடியும் என்று பக்கத்து நாற்காலிக்காரர் அதே தாளில் எழுதணும். எழுதாமல் கோப்பை மூடக் கூடாது. 'இயலாது' என்பதோடு ஒரு பதில் முடியக் கூடாது என்று அரசாணை போட எத்தனை கோடி செலவாகும்?

புரட்டாசி பாதி ஆகிவிட்டது. அக்கா தென்னங்கீத்து முடைய மட்டை சேர்க்கிறாங்க. மேற்குப் பக்கக் கூரைக்கு மட்டும் இந்த வருஷம் மாத்தினால் போதும், கிழக்குப் பக்கம் தார்ப்பாய் போட்டுக்கலாம் என்று கணக்கு. நாற்பது மட்டை நம்ம கொல்லையிலிருந்து எடுத்துக்கச் சொல்லியிருக்கேன்.